பங்காளிகளின் சனிக்கிழமை: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?

2011 ஜனவரி 27 அன்று, அலபாமா மாநிலத்தில் விளையாட்டுப் பேச்சுக்குப் பேர்போன ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆபர்ன் ஊரின் நாற்சந்தியில் நிற்கும் இரண்டு ஓக் மரங்களின் வேரில் களைக்கொல்லி போட்டுவிட்டதாகச் சொன்னார். மரத்துக்கு விஷம் வைப்பது குற்றமில்லையா என்று நிகழ்ச்சியை நடத்துபவர் கேட்டார். அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று பதில் வந்தது. தன் அணியின் முழக்கத்தைச் சொல்லிவிட்டு ஆள் போனை வைத்துவிட்டார். பிறகு மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். விஷம் இருந்தது, அதுவும் தாராளமாக.

பிடிபட்டவருக்கு வயது 62. ஒரு காலத்தில் டெக்சாஸ் மாநிலக் காவல்துறையில் வேலை பார்த்தவர். அலபாமா பல்கலைக்கழக அணியின் பக்தர். மரங்கள் அவருக்குச் செய்த கெடுதல் இவ்வளவுதான்: ஆபர்ன் பல்கலைக்கழக அணி ஜெயிக்கும்போதெல்லாம் அந்த ஊர் ஜனங்கள் அவற்றின் கிளைகளில் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். ஆட்டம் முடிந்த இரவில் அந்த மரங்களைப் பார்த்தால் வெள்ளைப் பூ பூத்த மாதிரி இருக்கும். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாக்கள் சுருள் வீசுவார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2010 நவம்பரில், 24-0 என்று முன்னிலையில் இருந்த அலபாமா 28-27 என்று ஆபர்னிடம் தோற்றிருந்தது.

கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஓர் ஆட்டத்துக்காக அறுபது வயதைத் தாண்டிய மனிதர் மரத்தைக் கொல்வாரா? இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ‘ரைவல்ரி’ என்று சொல்லப்படும் போட்டி மனப்பான்மை எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். விதிகள் அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தெரிய வேண்டியவை இவை. ஃபுட்பால் என்று பெயர், ஆனால் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடியோ, எறிந்தோ 100 கஜ மைதானத்தின் மறுமுனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி வாங்கலாம். பக்கத்துக்கு 11 பேர். கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. இப்போது இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில்தான் பெரும்பாலான ஆட்டங்கள். ஒரு பருவத்தில் ஓர் அணிக்குச் சுமார் 12 ஆட்டங்கள்; பரம வைரியோடு பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்டம். அதில் தோற்றால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடமும் அலுவலகத்திலும் சர்ச்சிலும் மாமனார் வீட்டிலும் பேச்சு கேட்க வேண்டும்.

கூட்டத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஒரு லட்சத்துக்கு மேல் கொள்ளும் கல்லூரி மைதானங்கள் அமெரிக்காவில் எட்டு இருக்கின்றன. தொழில்முறை அணிகளின் மைதானம் ஒன்றுகூட வழக்கமான இருக்கைக் கணக்கில் இந்த அளவைத் தொடுவதில்லை.

எதிரி வேறு, பங்காளி வேறு

‘ரைவல்’ என்பதை எதிரி என்று மொழிபெயர்த்தால் விஷயம் கைநழுவிவிடும். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: பங்காளி. எதிரி எங்கோ இருப்பவன். பங்காளி, ஒரே பாட்டன் சொத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த வீட்டில் குடியிருப்பவன். அவனோடு வரப்புத் தகராறு உண்டு, முகத்தில் விழிக்காத வருடங்கள் உண்டு. ஆனாலும் அவன் வீட்டுச் சாவுக்கு நமக்கும் தீட்டு உண்டு.

அலபாமாவும் ஆபர்னும் அப்படித்தான். இரண்டும் ஒரே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள். காரில் மூன்று மணி நேரத்துக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்விடலாம். அந்த மாநிலத்துக்கென்று முதல்நிலைத் தொழில்முறை லீகில் ஆடும் ஃபுட்பால் அணி கிடையாது, கூடைப்பந்து அணியும் கிடையாது. ஊர்ப்பற்று முழுவதும் இந்த இரண்டு கல்லூரிகளின் மேல்தான் இறங்குகிறது. அதனால்தான் அங்கே பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே கட்சி முடிவாகிவிடுகிறது. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்றால் ‘பிளவுபட்ட வீடு’ என்று இரண்டு அணிகளின் சின்னமும் போட்ட தகடு காரின் முன்னால் மாட்டியிருக்கும்.

இரு அணிகளும் முதலில் மோதியது 1893இல், பர்மிங்ஹாம் நகரத்தில். அது இரும்பு உருக்கும் ஊர் என்பதால் இந்த ஆட்டத்துக்குப் பிற்பாடு ‘அயர்ன் பவுல்’ என்று பெயர் வந்தது. 1907இல் 6-6 என்று சமனில் முடிந்த பிறகு ஒரு சண்டை. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வெளியூர் போகும் ஆட்டக்காரர்களுக்கு நாள்படி எவ்வளவு, எத்தனை பேருக்கு, நடுவரை யார் போடுவது. தலைக்கு அரை டாலர் வித்தியாசம். இதற்காக 41 வருடங்கள் ஒருவரோடு ஒருவர் ஆடவில்லை. மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுச் சொல்லிப் பார்த்தது. கடைசியில் 1948இல்தான் மறுபடி மோதினார்கள். அந்த ஆட்டத்தில் அலபாமா 55-0 என்று ஜெயித்தது. அரை டாலருக்கு நாற்பத்தொரு வருடம் பேசாமல் இருப்பதற்குப் பங்காளியால்தான் முடியும்.

பெரிய போட்டிகள் எல்லாவற்றிலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். மிச்சிகனும் ஒஹையோவும் அடுத்தடுத்த மாநிலங்கள். 1835இல் டொலீடோ என்ற பகுதி யாருக்கு என்று இரு தரப்பும் ஆயுதப் படை திரட்டி நின்ற வரலாறு உண்டு. இன்றைக்கும் மிச்சிகனோடு ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹையோ ஸ்டேட் வளாகத்தில் உள்ள பலகைகளில் ‘எம்’ என்ற எழுத்தை எல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்கே ஒட்டி மறைக்கிறார்கள். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் டல்லாஸில் மாநிலக் கண்காட்சி நடக்கும்போது மோதும். மைதானத்தின் நடுக்கோட்டோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஆரஞ்சு, மறு பாதி சிவப்பு என்று உட்கார்ந்திருக்கும்.

ஜெயித்தது யார், தோற்றது யார்

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில், திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை அணி ஜெயித்திருந்தால் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் அதிகமாகத் தென்பட்டன. பிறகு மாணவர்களிடம் ஆட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘நாம் ஜெயித்தோம்’. தோற்றதைப் பற்றிப் பேசும்போது ‘அவர்கள் தோற்றார்கள்’. பேச்சுக்கு முன் ஒரு சிறு தேர்வு வைத்து, நீ சரியாகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்ட மாணவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் தூக்கலாக இருந்தது. சொந்தக் கணக்கில் குறை விழுந்தால் அணியின் கணக்கிலிருந்து கடன் வாங்கிக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறுகுறுப்பு வந்தது. அங்கே ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல். நமக்கு இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. அலபாமா ரசிகர் இன்னொரு அலபாமா ரசிகரிடம் பேசினால் நாம். ஆபர்ன்காரர் எதிரே வந்துவிட்டால் அதே வாக்கியம் நாங்கள் ஆகிவிடும். ரசிகர்களுடைய நடத்தையில் நல்லது கெட்டது இரண்டுமே இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடக்கிறது என்று தோன்றுகிறது.

ஆட்டக்காரர்கள் நாலைந்து வருடத்தில் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போதெல்லாம் அதற்கு முன்பே வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள். 2021இலிருந்து அவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் ஈட்டலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். பயிற்சியாளர்களும் நல்ல சம்பளம் வந்தால் கிளம்பிவிடுவார்கள். மாறாமல் அங்கேயே இருப்பவர் ரசிகர்தான். அதனால் அணியின் உண்மையான சொந்தக்காரர் தான்தான் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். கல்லூரியில் காலடியே வைக்காத ரசிகரிடம் இந்த நினைப்பு இன்னும் கெட்டியாக இருப்பதுண்டு.

சத்தமும் ஓர் ஆயுதம்

தொலைக்காட்சியில் முதன்முதலாக இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புதிராக இருக்கும். தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது உள்ளூர்க் கூட்டம் கப்சிப் என்றிருக்கும். எதிரணியிடம் பந்து போனதும் காது கிழியக் கத்தும். ஏறுக்கு மாறாகத் தோன்றும் இதற்குக் காரணம் இருக்கிறது. பந்தை இயக்கும் குவார்ட்டர்பேக், ஆட்டம் தொடங்கும் நொடியில் தன் சகாக்களுக்குக் குரல் கொடுத்துச் சைகை தர வேண்டும். அது காதில் விழாவிட்டால் யாராவது ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிடுவார். தண்டனையாக 5 கஜம் பின்னால் போக வேண்டும். ஆக, கத்துகிற ரசிகர் வெறும் பார்வையாளர் அல்ல. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கூட்டத்துக்கே ‘பன்னிரண்டாவது ஆள்’ என்று பெயர். 1922 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் வரிசையாகக் காயப்பட, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவர் சீருடை போட்டுக்கொண்டு தேவைப்பட்டால் இறங்கத் தயாராக ஓரத்தில் நின்றார். இறங்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனாலும் அவர் நினைவாக, அங்கே மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டுதான் பார்க்கிறார்கள்.

மிசிசிப்பி ஸ்டேட் ரசிகர்கள் மாட்டு மணியோடு வருவார்கள். அவர்களுடைய போட்டிக் குழுமம் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) 1974இல் செயற்கையாக ஒலி எழுப்பும் பொருள்களுக்குத் தடை போட்டது. மணிகள் பைக்குள்ளும் கோட்டுக்குள்ளும் பதுங்கி வந்துகொண்டேதான் இருந்தன. 2010இல் தடையைத் தளர்த்தி, ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளைகளிலும் தங்கள் அணி புள்ளி எடுத்த பிறகும் மட்டும் ஆட்டலாம் என்று நிபந்தனை போட்டார்கள். பல்கலைக்கழகமும் பொறுப்பாக மணியடியுங்கள் என்று தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது.

கோடு எங்கே மீறப்படுகிறது

கேலி இருக்கலாம், கூச்சல் இருக்கலாம். பொருளை எறிவதிலும் ஆளைத் தொடுவதிலும்தான் கோடு இருக்கிறது. 2021 அக்டோபரில் டென்னசி மைதானத்தில் நடுவர் தீர்ப்பு ஒன்று பிடிக்காமல் ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள். அவற்றோடு ஒரு கடுகுச் சாஸ் பாட்டிலும் வந்து விழுந்தது. முன்பு அவர்களிடம் ஒரே வருடம் இருந்துவிட்டு ஓடிப்போன பயிற்சியாளர் லேன் கிஃபின் அன்று எதிரணியோடு வந்திருந்தார். அவர் மேல் ஒரு கோல்ஃப் பந்து பட்டது. ஆட்டம் சுமார் 20 நிமிடம் நின்றது. டென்னசிக்கு 2,50,000 டாலர் அபராதம். கடுகுச் சாஸை மைதானத்துக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்பதை நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், விடை இல்லை.

இன்னொரு பழக்கம், ஜெயித்ததும் கூட்டம் மைதானத்துக்குள் இறங்குவது. 2024 அக்டோபர் 5 அன்று, பல காலமாக நோஞ்சான் என்று பெயர் வாங்கியிருந்த வாண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, நாஷ்வில் நகரத்தின் கேளிக்கைத் தெரு வழியாக ஊர்வலம் போய்க் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். சாமி ஊர்வலம் மாதிரிதான் இருந்தது. 1,00,000 டாலர் அபராதம். அந்தக் குழுமத்தின் விதிப்படி அபராதம் எதிரணிக் கல்லூரிக்குப் போய்ச் சேரும். தோற்றவருக்கு அடியும் விழுந்தது, பணமும் கிடைத்தது! 2025இலிருந்து இந்த அபராதம் ஒவ்வொரு முறைக்கும் 5,00,000 டாலர்.

பார்க்க அழகாக இருந்தாலும் இதில் ஆபத்து உண்டு. 1993 அக்டோபர் 30 அன்று விஸ்கான்சின், மிச்சிகனை வென்றதும் மாணவர்கள் இறங்க முயன்றார்கள். கீழ்வரிசைக் கம்பித் தடுப்பில் முன்னால் இருந்தவர்கள் நசுங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

ஆட்டக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட்டை அவர்கள் மண்ணிலேயே 13-10 என்று வென்றது. வென்ற கையோடு நடுமைதானத்தில் தங்கள் கொடியை நட்டார்கள். கைகலப்பு வெடித்தது. போலீஸ் மிளகுத் தூள் தெளித்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு கல்லூரிகளுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம்.

திமிருக்கு உடனடியாகக் கிடைத்த தண்டனை என்றால் மிசிசிப்பி மாநிலத்தின் ‘எக் பவுல்’ ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 1926இல் ஜெயித்த தரப்பின் ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கப் போக, உள்ளூர்க்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தார்கள். இனி இப்படி நடக்கக் கூடாது என்று அடுத்த வருடத்திலிருந்து ஒரு தங்க நிறக் கோப்பையை மரியாதையாக ஒப்படைக்கும் சடங்கை ஏற்படுத்தினார்கள். பந்தின் உருவம் முட்டையைப் போல இருந்ததால் அந்தப் பெயர். கோப்பை வந்ததும் குணம் வந்துவிட்டதா? 2019இல் ஆட்டம் முடிய 4 நொடி இருக்கையில் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணிக்காரர் டச்டவுன் போட்டு 21-20 என்று நெருங்கினார். கூடுதல் ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். எதிரணியான மிசிசிப்பி ஸ்டேட்டின் சின்னம் நாய். அவர் தரையில் மண்டியிட்டு, நாய் காலைத் தூக்குவது போல நடித்துக் காட்டினார். ஒழுங்கீனத்துக்கு 15 கஜத் தண்டனை. சாதாரணமாகப் போயிருக்க வேண்டிய உதை தூரத்துக்குத் தள்ளப்பட்டுக் குறி தவறியது. ஒரு புள்ளியில் தோல்வி. சில நாளில் பயிற்சியாளருக்கு வேலையும் போயிற்று.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட மோசமானது அலைபேசித் திரைக்குப் பின்னால் நடப்பது. 2013 அயர்ன் பவுலில் அலபாமாவின் உதையாளர் கேட் ஃபாஸ்டர் பல வாய்ப்புகளைத் தவறவிட்டார். கடைசி நொடியில் இன்னொருவர் உதைத்து எட்டாமல் விழுந்த பந்தைப் பிடித்து ஆபர்ன்காரர் மைதானம் முழுக்க ஓடி 34-28 என்று ஆட்டத்தை முடித்தார். அன்றிரவே கல்லூரி மாணவரான ஃபாஸ்டருக்குச் சமூக ஊடகத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. முந்தின சனிக்கிழமை வரை அவரை ‘நம்ம பையன்’ என்றவர்கள் அனுப்பியவை. அவருடைய சட்டை எண் 43. அமெரிக்காவின் 43ஆவது அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட ஒரு ஆறுதல் குறிப்பு எழுதி, ‘இன்னொரு 43’ என்று கையெழுத்திட்டு அனுப்பினார்.

கெட்டதுக்குக் கூப்பிடாமல் போவது

நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்பார்கள். ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்றதும் கைகுலுக்கல்தான் நினைவுக்கு வருகிறது. இந்தப் போட்டிகளில் அது வேறு இடத்தில் இருக்கிறது.

மரத்துக்கு விஷம் வைத்த செய்தி வெளியானதும் அலபாமா ரசிகர்களே ஓர் அமைப்பு தொடங்கி மரங்களுக்காகப் பணம் திரட்டினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவை ஒரு பெருஞ்சூறாவளி தாக்கியது. அந்தச் சூறாவளியின் பாதையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது ஆபர்ன்காரர்களின் முறை. ‘டஸ்கலூசாவுக்காக டூமர்ஸ்’ என்று, விஷம் வைக்கப்பட்ட அந்த நாற்சந்தியின் பெயரிலேயே நிவாரணக் குழு அமைத்துப் பொருள்களை லாரியில் அனுப்பினார்கள். மரங்கள் பிழைக்கவில்லை. 2013இல் வெட்டினார்கள், குற்றவாளிக்குச் சிறையும், ஏறத்தாழ 8 லட்சம் டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. 2015இல் புதிய மரங்கள் நட்டார்கள்.

1999 நவம்பர் 18 அன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில், டெக்சாஸ் அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு முன் மாணவர்கள் எரிப்பதற்காக அடுக்கிய பிரம்மாண்டமான மரக்கட்டைக் கோபுரம் சரிந்து 12 பேர் இறந்தார்கள். வருடா வருடம் அதை அடுக்கியதே, டெக்சாஸை வீழ்த்தும் ஆசை உள்ளே எரிகிறது என்பதற்கு அடையாளமாகத்தான். எட்டு நாள் கழித்து அதே டெக்சாஸ் அணியின் இசைக்குழு அவர்கள் மைதானத்தில் அஞ்சலி வாசித்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தது. பத்து வருடம் கத்திய தொண்டைகள் அந்த நேரத்தில் அடைத்துப்போயின என்று சொன்னால் மிகையாகாது.

ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் 1890இலிருந்து நடக்கும் போட்டியில் இதைச் சடங்காகவே வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் முதலில் தோற்றவர்கள் பக்கம் போய் அவர்களுடைய கல்லூரிப் பாடலுக்கு நிற்க வேண்டும். பிறகுதான் ஜெயித்தவர்களின் பாடல். ‘இரண்டாவதாகப் பாடு’ என்பதுதான் அங்கே வெற்றிக்குப் பெயர்.

ஐயோவா பல்கலைக்கழக மைதானத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017இல் திறந்த அந்தக் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து மைதானம் நன்றாகத் தெரியும். அந்த வருடம் ஒரு ரசிகை சொன்ன யோசனைப்படி, ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் கால்பகுதி முடிந்ததும் ஏறத்தாழ 70,000 பேர் எழுந்து, மைதானத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். நடுவர்கள் அசைக்கிறார்கள். வந்திருக்கும் எதிரணியும் அதன் ரசிகர்களும் அசைக்கிறார்கள். மேலே, மருந்துக் குழாய் மாட்டிய பிள்ளைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரும்பக் கையசைக்கும். ஒரு நிமிடம்தான்.

அதன்பின் இரண்டாம் கால்பகுதி தொடங்குகிறது. எதிரணி பந்தை எடுத்ததும் அதே 70,000 பேரும் காது கிழியக் கத்துகிறார்கள். இடைவேளையில் அந்த எதிரணி போய் உட்காரும் உடைமாற்று அறையின் சுவர் இளஞ்சிவப்பு நிறம். உளவியல் படித்த ஹேடன் ஃப்ரை என்ற பழைய பயிற்சியாளர், அந்த நிறம் ஆளைச் சாந்தப்படுத்திச் சோர்வாக்கும் என்று நம்பி அடிக்கச் சொன்னது. பிற்பாடு அந்த அறையைப் புதுப்பித்தார்கள். அப்போது கழிப்பறைப் பீங்கானையும் இளஞ்சிவப்பாக்கிவிட்டார்கள்.